ஃபோகஸ் புள்ளியைக் கேமராவிடம் விடுவதா, நாமே வைப்பதா?

உறவினர் திருமணம் ஒன்றில் மாங்கல்ய தாரணத்தின்போது நான் எடுத்த படம் ஒன்றை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அட்சதை தூவுவதற்காக உயர்ந்த ஒரு கை படத்தின் இடது ஓரத்தில் நிற்கிறது. விரலிடுக்கில் ஒட்டிய மஞ்சள் அரிசி வரை அது துல்லியமாகத் தெரிகிறது. அந்தக் கைக்குப் பின்னால், யார் என்று ஊகித்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு மங்கலாக, மணமகன் தாலி கட்டிக்கொண்டிருக்கிறார். கேமராவில் பழுது எதுவும் இல்லை, லென்ஸிலும் குறை இல்லை. எந்த இடத்தில் ஃபோகஸ் செய்வது என்ற முடிவை நான் கேமராவிடமே விட்டிருந்தேன். அது தன் முன்னே மிக அருகில் இருந்ததைத் தேர்ந்தெடுத்துத் தன் வேலையை ஒழுங்காகவே செய்திருந்தது.

அந்த முடிவை எப்போது கேமராவிடம் விடலாம், எப்போது நாமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி கொண்ட கேமரா) வைத்திருப்பவர்களையும் அண்மையில் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியவர்களையும் மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். ஃபோகஸ் புள்ளியை நாமே தேர்ந்தெடுப்பது என்றவுடன் லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் விசையை மேனுவல் ஃபோகஸுக்குத் தள்ளிவிடுபவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது வேறு, இது வேறு. இங்கே லென்ஸைத் திருகும் வேலையை மோட்டார்தான் செய்கிறது. சட்டகத்தின் எந்த இடத்தை வைத்து அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதை மட்டுமே நாம் சொல்கிறோம். இதைப் போலவே, ஒருமுறை ஃபோகஸ் செய்து நிறுத்துவதா, பொருள் நகர நகரத் தொடர்ந்து செய்வதா என்பதும் தனியான ஓர் அமைப்பு. கேனான் அதை ஒன் ஷாட், ஏஐ சர்வோ என்றும், நிக்கானும் சோனியும் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-சி என்றும் அழைக்கின்றன. புள்ளித் தேர்வு எதுவாக இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்று அதனுடன் சேர்ந்தே இயங்கும். ஆகவே படம் சொதப்பும்போது எந்த அமைப்பு காரணம் என்பதைப் பிரித்தறியப் பழகிக்கொள்வது முக்கியம்.

கேமரா எதைப் பார்க்கிறது

டிஎஸ்எல்ஆரின் முதன்மைக் கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியில் ஒரு பங்கை ஊடுருவ விடுகிறது. அந்த ஒளியை அதன் பின்னாலுள்ள சிறிய கண்ணாடி ஒன்று கேமராவின் அடிப்பகுதியில் இருக்கும் ஃபோகஸ் உணரிக்குத் திருப்பிவிடுகிறது. லென்ஸின் இரு எதிர் ஓரங்கள் வழியாக வந்த ஒளியை அந்த உணரி ஒப்பிட்டு, இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதிலிருந்து லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று கணக்கிடுகிறது. ஒவ்வொரு ஃபோகஸ் புள்ளியிலும் இந்தக் கணக்கு தனித்தனியாக நடக்கிறது. ஒன்பது புள்ளிகள் கொண்ட கேமராவிடம் அதிகபட்சம் ஒன்பது தொலைவுகள் இருக்கும், அவ்வளவுதான். அவற்றில் எது மணமகளின் முகம், எது குத்துவிளக்கின் திரி, எது முன்வரிசையில் எழுந்து நிற்பவரின் தலை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

தெரியாத நிலையில் அது ஒரு சுருக்கு வழியைப் பின்பற்றுகிறது. போதிய ஒளிவேறுபாடு உள்ளவற்றில் எது மிக அருகில் இருக்கிறதோ அதையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. இந்த ஊகத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது, ஏனெனில் மக்கள் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவற்றில் மனிதர்கள் முன்னாலும் பின்னணி பின்னாலும்தான் இருக்கின்றன. ஊகம் பொய்க்கும் இடமும் இதிலிருந்தே தெளிவாகிறது: நாம் விரும்பும் பொருளுக்கும் நமக்கும் இடையே வேறொன்று வந்து நின்றால் தானியங்கித் தேர்வு அந்த வேறொன்றையே பிடிக்கும்.

தானியங்கி முறையில் ஃபோகஸ் புள்ளிகளைக் குறிக்கும் பல சதுரங்கள் ஒரே நேரத்தில் ஒளிர்வதைக் கண்டு, அத்தனை இடங்களும் சமமாகத் தெளிவாக வரும் என்று மகிழ்பவர்கள் உண்டு. லென்ஸ் ஒரே ஒரு தொலைவில்தான் ஃபோகஸ் ஆக முடியும். அந்தத் தொலைவிலும் அதை ஒட்டியும் இருப்பதாகக் கேமரா கருதும் புள்ளிகளே ஒளிர்கின்றன. கண்ணில் ஒன்று, காதில் ஒன்று, தோளில் ஒன்று என்று ஒளிர்ந்தால் மூன்றில் எது சரியாக வந்தது என்பது கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஒரு காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. ஆட்டோஃபோகஸ் வசதியும் அதற்கான மோட்டாரும் கேமராவுக்குள்ளேயே அமைந்து 1985இல் வெளிவந்த மினோல்டா 7000 கேமராவில் நடுவில் ஒரே ஒரு ஃபோகஸ் பகுதிதான் இருந்தது. தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. புள்ளிகள் பெருகிய பிறகுதான் யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்குக் கேனான் கண்டுபிடித்த விடை எனக்கு இன்றும் வியப்பளிப்பது: 1992இல் வந்த ஈஓஎஸ் 5 ஃபிலிம் கேமரா, வியூஃபைண்டருக்குள் நம் விழி எங்கே பார்க்கிறது என்று கவனித்து, ஐந்து புள்ளிகளில் அதற்குரியதைத் தேர்ந்தெடுத்தது. பின்னர் கைவிடப்பட்ட அந்த உத்தியை 2021இல் ஈஓஎஸ் ஆர்3 மிரர்லெஸ் கேமராவில் அதே நிறுவனம் மீண்டும் கொண்டுவந்தது. நம்மில் பெரும்பாலோரிடம் அத்தகைய கேமரா இல்லை என்பதால் விரலாலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

எப்போது கேமராவிடம் விடலாம்

ஷட்டரை அழுத்துவதற்கு முன் என்னிடம் நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: நான் எடுக்க நினைப்பது சட்டகத்தில் உள்ளவற்றில் மிக அருகில் இருக்கிறதா, அதற்கு முன்னால் எதுவும் குறுக்கிடாமல் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் தானியங்கித் தேர்வைத் தயங்காமல் பயன்படுத்தலாம்; சொல்லப்போனால் நம் விரலைவிட அது வேகமானது. கடற்கரை மணலில் இங்குமங்கும் ஓடும் குழந்தை, வெறும் வானத்தில் வட்டமிடும் பருந்து, மேடையில் தனியாக ஆடும் நடனக் கலைஞர் ஆகிய மூன்றிலும் பொருள் எங்கே போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் அதற்கு முன்னால் வேறெதுவும் இல்லை. ஒற்றைப் புள்ளியைக் கொண்டு பருந்தைத் துரத்தினால், புள்ளி சற்று விலகிய நொடியில் கேமரா வானத்தில் ஃபோகஸ் செய்ய முயன்று, பிடிப்பதற்கு ஒன்றுமின்றி லென்ஸை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டிக்கொண்டிருக்கும்.

அகலக் கோண லென்ஸில் எஃப் 8 என்ற சிறிய திறப்பை வைத்துத் தொலைவிலுள்ள மலையையோ கோபுரத்தையோ எடுக்கும்போது எது தேர்ந்தெடுக்கப்பட்டாலும் பெரிய வேறுபாடு இராது.

இன்னொரு சந்தர்ப்பத்தைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். நாமும் படத்தில் நிற்க விரும்பி வழியில் போகும் ஒருவரிடம் கேமராவைக் கொடுக்கும்போது, நாம் முன்பு எங்கோ ஓரத்தில் வைத்த ஒற்றைப் புள்ளி அங்கேயே இருக்கும். வாங்கியவர் நம்மை நடுவில் வைத்து அழுத்துவார். கேமரா ஓரத்திலுள்ள மரத்தில் ஃபோகஸ் செய்யும். கேமராவைக் கைமாற்றும் முன் தானியங்கிக்கு மாற்றிக் கொடுப்பது, வாங்குபவரை வகுப்பெடுத்துக் குழப்பாமல் இருக்கும் வழி.

எப்போது நாமே வைக்க வேண்டும்

அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வரும் இடங்கள் நம் ஊர்ப் படங்களில் ஏராளம். நவம்பர் முதல் மார்ச் வரையான பருவத்தில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று பார்த்தால், நீரில் நிற்கும் மரங்களின் கிளைகளுக்குள்ளேதான் நத்தை குத்தி நாரைகள் கூடு கட்டியிருக்கும். பறவைக்கு ஓரடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியும் இலையும் பறவையைவிடக் கூர்மையான ஒளிவேறுபாடு உடையவை, அருகில் இருப்பவையும்கூட. தானியங்கித் தேர்வில் பத்துப் படம் எடுத்தால் பெரும்பாலானவற்றில் குச்சிதான் தெளிவாக இருக்கும். ஒற்றைப் புள்ளியை, அதிலும் கேமராவில் சிறிய ஸ்பாட் புள்ளி வசதி இருந்தால் அதை, கிளைகளுக்கிடையே தெரியும் பறவையின் தலையில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குத்துவிளக்குக்கு அப்பால் அமர்ந்திருக்கும் மணமக்கள், ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் பாட்டி, கோயில் பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் தூண்களில் மூன்றாவது தூணின் சிற்பம், வாழையிலையில் பரிமாறிய உணவில் நடுவிலுள்ள ஒரு பதார்த்தம் என்று இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். இவை எல்லாவற்றிலும் நாம் விரும்புவது நடுத் தொலைவில் இருக்கிறது. கேமரா விரும்புவதோ முன் தொலைவில் இருக்கிறது.

முகப்படங்களிலும் டிஎஸ்எல்ஆரில் ஒற்றைப் புள்ளியையே பரிந்துரைப்பேன். முகத்தில் மிக அருகில் இருப்பது மூக்கு நுனி. எஃப் 1.8 போன்ற பெரிய திறப்பில் மூக்குக்கும் கண்ணுக்கும் இடையிலான தொலைவே படத்தைக் கெடுக்கப் போதுமானது. முகம் சற்றுத் திரும்பியிருந்தால், கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணின் மீது புள்ளியை வைக்க வேண்டும்.

அமைப்பது எப்படி

புதிய கேமராவைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது புள்ளித் தேர்வு பெரும்பாலும் தானியங்கியில்தான் இருக்கும். முழுத்தானியங்கி முறையிலும் காட்சி முறைகளிலும் அதை மாற்ற முடியாதபடி வைத்திருக்கும் கேமராக்கள் உண்டு என்பதால், முதலில் கேமராவின் மேலுள்ள முறைத் தேர்வு வட்டத்தைப் பி, ஏவி அல்லது ஏ, எம் போன்ற, அமைப்புகளை நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய முறைகளில் ஒன்றுக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

கேனான் ஈஓஎஸ் 1500டி போன்ற ஒன்பது புள்ளிக் கேமராக்களில் பின்புறம் வலது மேல் மூலையில் உள்ள புள்ளித் தேர்வுப் பொத்தானை அழுத்திவிட்டு, அம்புப் பொத்தான்களால் வேண்டிய புள்ளிக்கு நகர்த்தலாம். எல்லாப் புள்ளிகளும் ஒளிர்ந்தால் அது தானியங்கி. ஒன்று மட்டும் ஒளிர்ந்தால் அது உங்கள் தேர்வு. அதே நிலையில் செட் பொத்தானை அழுத்தினால் நடுப்புள்ளிக்கும் தானியங்கிக்கும் இடையே மாறிக்கொள்ளலாம். இந்த ஒரு குறுக்குவழி தெரிந்தாலே பாதிப் பயிற்சி முடிந்துவிட்டது என்று சொல்வேன், ஏனெனில் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு முறையிலிருந்து மற்றதற்குப் போய்வர முடிகிறது.

நிக்கான் டி3500இல் ஐ பொத்தானை அழுத்தி ஏஎஃப் பகுதி முறை என்பதில் ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகு ஷட்டரைப் பாதி அழுத்தி ஒளிமானியை விழிக்கச் செய்துவிட்டு, பின்புறத் திசைப் பொத்தானால் பதினொரு புள்ளிகளில் ஒன்றுக்கு நகர்த்தலாம். ஓகே பொத்தான் நடுப்புள்ளிக்குத் திரும்பக் கொண்டுவரும். சோனியில் ஃபோகஸ் ஏரியா என்ற தலைப்பின் கீழ் வைட் என்பது தானியங்கி. ஃப்ளெக்சிபிள் ஸ்பாட் அல்லது புதிய கேமராக்களில் ஸ்பாட் என்பது நாமே வைப்பது. ஜோன் என்பது இடைப்பட்டது. விலை கூடிய கேமராக்களில் பின்புறம் ஜாய்ஸ்டிக் இருக்கும். அது இல்லாத பல மிரர்லெஸ் கேமராக்களில், வியூஃபைண்டரில் பார்த்துக்கொண்டே கட்டைவிரலால் தொடுதிரையை வருடிப் புள்ளியை நகர்த்தலாம். மூக்கு திரையில் பட்டுப் புள்ளி ஓடிவிடுகிறது என்ற குறை உங்களுக்கும் நேர்ந்தால், திரையின் வலது பாதியை மட்டும் தொடுகைக்கு ஒதுக்கும் அமைப்பு பல கேமராக்களின் மெனுவிலேயே இருக்கிறது.

ஒற்றைப் புள்ளியின் சில குணங்கள்

நாமே புள்ளி வைத்தும் ஃபோகஸ் தவறினால் கேமராவின் மீது சந்தேகம் வருவது இயல்பு. அதற்கு முன் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

வியூஃபைண்டரில் தெரியும் சதுரத்தைவிட உணரியின் உண்மையான பரப்பு பொதுவாகச் சற்றுப் பெரியது. எட்டடி தள்ளி நிற்பவரின் கண்ணில் சதுரத்தை வைத்தால், அதற்குள் புருவமும் கண்ணாடிச் சட்டமும்கூட அடங்கிவிடும்; அவற்றில் ஒளிவேறுபாடு மிகுந்ததை உணரி பற்றிக்கொள்ளும். இயன்றவரை நெருங்குவது அல்லது ஜூம் செய்வது இதற்கான எளிய மருந்து.

இரண்டாவதாக, எல்லாப் புள்ளிகளும் ஒரே தரத்தவை அல்ல. சில புள்ளிகள் ஒரு திசையில் செல்லும் கோடுகளை மட்டுமே உணரும். குறுக்கு வகைப் புள்ளிகள் கிடைக்கோடு, நெடுங்கோடு இரண்டையும் உணரும். 1500டியின் ஒன்பதில் நடுவிலுள்ளது மட்டுமே குறுக்கு வகை. டி3500இன் பதினொன்றிலும் நடுவிலுள்ளது மட்டுமே அப்படி. 2012இல் வந்த கேனான் 6டியும் இதே போக்குடையது: பதினொரு புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும் குறுக்கு வகை, அதுவே மைனஸ் 3 ஈவி (ஒளியளவைக் குறிக்கும் அலகு) வரையிலான மிக மங்கிய ஒளியிலும் வேலை செய்யக்கூடியது. இத்தகைய கேமராவை வைத்துக்கொண்டு விடியற்காலை முகூர்த்தத்தில், விளக்கு வெளிச்சம் எட்டாத மண்டப மூலையில் ஓரப் புள்ளியைப் பயன்படுத்தினால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அங்கே நடுப்புள்ளிக்குத் திரும்புவதே அறிவுடைமை.

மூன்றாவதாக, புள்ளி விழும் இடத்தில் ஏதேனும் விளிம்போ கோடோ இருக்க வேண்டும். வெள்ளைச் சுவரும் மழமழப்பான கன்னமும் வெறும் வேட்டிப் பரப்பும் உணரிக்கு ஒன்றும் சொல்வதில்லை. வேட்டியின் கரையில், சட்டையின் பொத்தானில், இமையின் கோட்டில் வையுங்கள். மிரர்லெஸ் கேமராக்களுக்கும் இதில் ஒரு தனிப் பலவீனம் உண்டு. அவற்றில் பலவும் படஉணரியிலேயே அமைந்த ஃபோகஸ் உணரிகளைக் கொண்டிருப்பதால், நெடுங்கோடுகளை நன்றாக உணர்ந்தாலும் கிடைக்கோடுகள் மட்டுமே உள்ள இடத்தில் தடுமாறும். தெப்பக்குளத்தின் படிக்கட்டுகளை நேர்எதிரே நின்று எடுத்தால் இதைக் காணலாம். கேமராவைச் சற்றுச் சாய்த்து ஃபோகஸ் செய்துவிட்டு, நிமிர்த்திப் படம் எடுத்தால் சிக்கல் தீரும்.

நடுப்புள்ளியில் பூட்டிவிட்டுச் சட்டகத்தை நகர்த்துவது

பலரும் நடுப்புள்ளியை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, கண்ணில் ஃபோகஸ் செய்து, ஷட்டரைப் பாதி அழுத்திய நிலையிலேயே கேமராவைத் திருப்பிச் சட்டகத்தை அமைக்கிறார்கள். சிலர் இதைத் தவறு என்றே சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

தெளிவாக வரும் தளம் கேமராவுக்கு இணையாக நிற்கும் ஒரு கண்ணாடித் தகடு போன்றது. கேமராவைத் திருப்பினால் தகடும் திரும்புகிறது. முன்பு அதன் மீது இருந்த கண் இப்போது அதற்கு முன்னால் வந்துவிடுகிறது. முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு உணரி கொண்டது) 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை வைத்து, ஒரு மீட்டர் தொலைவில் இருப்பவரைக் கேமராவை நெடுக்குவாட்டில் பிடித்து எடுப்பதாகக் கொள்வோம். நடுவிலிருந்து மேல் விளிம்பு வரையிலான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் கண் இருக்க வேண்டுமானால், கேமராவை ஏறத்தாழ 13.5 பாகை திருப்ப வேண்டும். அதனால் ஏற்படும் விலகல் சுமார் 2.8 செ.மீ. அந்தத் தொலைவில் அந்தத் திறப்பில் தெளிவு கிடைக்கும் ஆழமோ முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 2.2 செ.மீ. வீதம்தான். கண் தெளிவு வரம்பைத் தாண்டிவிட்டது. தோடு பளிச்சென்று வரும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி உணரி கொண்ட கேமராவில் இதே லென்ஸையும் தொலைவையும் வைத்தால் கோணம் 8.5 பாகையாகக் குறைவதால் விலகல் ஒரு செ.மீட்டரைச் சற்றே தாண்டும். தெளிவு வரம்பு 1.4 செ.மீ. என்பதால் மயிரிழையில் தப்பலாம். நம் உடலின் சிறு அசைவையும் சேர்த்துக்கொண்டால் அந்த மயிரிழையும் போய்விடும்.

கோணம் இரு மடங்கானால் விலகல் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதே இதில் நினைவில் கொள்ள வேண்டியது. ஆகவே கேமராவைச் சிறிதளவு நகர்த்துவது பெரும்பாலும் கெடுதல் செய்யாது. எஃப் 5.6க்கு மேல் திறப்பைச் சுருக்கியிருந்தாலும், பொருள் சில மீட்டர் தள்ளி இருந்தாலும் கவலையில்லை. பெரிய திறப்பு, நெருங்கிய தொலைவு, அதிகத் திருப்பம் ஆகிய மூன்றும் சேரும்போது மட்டும் புள்ளியைக் கண்ணுக்கு அருகே நகர்த்திவிட்டு மிச்சத் தூரத்தைத் திருப்பத்தால் சரிசெய்துகொள்ளுங்கள். மேலும், இந்த முறை ஒன் ஷாட்டில்தான் நடக்கும். சர்வோவில் திருப்பிய மறுகணமே கேமரா நடுவில் புதிதாக என்ன இருக்கிறதோ அதில் ஃபோகஸ் செய்துவிடும்.

நகரும் பொருள்

ஒற்றைப் புள்ளிக்கும் முழுத் தானியங்கிக்கும் இடையே ஒரு நடுவழி இருக்கிறது, அதையே விளையாட்டுக்கும் விழாவுக்கும் நான் பெரிதும் பயன்படுத்துகிறேன். ஜோன் முறையில் சட்டகத்தின் ஒரு பகுதியை மட்டும் நாம் குறிக்கிறோம். அதற்குள் கேமரா தேர்ந்தெடுக்கிறது. நிக்கானின் டைனமிக் பகுதி முறையில் நாம் வைத்த புள்ளியே தலைமை தாங்குகிறது. பொருள் அதிலிருந்து நொடிப்பொழுது நழுவினால் சுற்றியுள்ள புள்ளிகள் தாங்கிப் பிடிக்கின்றன. கேனானின் புள்ளி விரிவாக்கமும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது.

ஜல்லிக்கட்டைக் காட்சி மாடத்திலிருந்து எடுப்பதை எடுத்துக்கொள்வோம். வாடிவாசலிலிருந்து காளை எந்த நொடியில் வரும் என்று தெரியாது, ஆனால் எந்த இடத்திலிருந்து வரும் என்று தெரியும். சட்டகத்தின் கீழ்ப்பகுதியில் பார்வையாளர்களின் தலைகளும் தடுப்பு மூங்கில்களும் இருக்கும். முழுத் தானியங்கியில் விட்டால் அவைதான் தெளிவாக வரும். மேற்பகுதியில் ஒரு ஜோனைக் குறித்து, சர்வோவில் வைத்து, வாடிவாசலில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்துவிட்டுக் காத்திருந்தால், காளை பாய்ந்து வரும்போது லென்ஸ் சிறிது தூரமே நகர வேண்டியிருக்கும். ஒன்பது புள்ளிக் கேனான்களில் சர்வோவுடன் தானியங்கித் தேர்வையும் சேர்த்து வைத்தால், கேமரா முதலில் நடுப்புள்ளியைக் கொண்டே தொடங்கும், பிறகுதான் மற்றப் புள்ளிகளுக்குப் பொருளைக் கைமாற்றும். ஆகவே அந்தக் கேமராக்களில் தொடக்கத்தில் காளை நடுவில் இருப்பதை நீங்கள்தான் உறுதிசெய்ய வேண்டும்.

இத்தகைய படங்களில் ஃபோகஸைத் தொடங்கும் வேலையை ஷட்டரிலிருந்து பிரித்துப் பின்புறப் பொத்தானுக்கு மாற்றிவிடுவது பெரிய விடுதலை. கட்டைவிரல் அழுத்தியிருக்கும் வரை சர்வோ தொடரும். எடுத்துவிட்டால் ஃபோகஸ் அப்படியே நிற்கும். யாராவது குறுக்கே வந்தால் விரலை எடுத்துவிட்டு, அவர் போன பிறகு மீண்டும் அழுத்தலாம். 1500டியில் சிறப்புச் செயல்பாடுகளின் கீழ் நட்சத்திரப் பொத்தானுக்கு இதை ஒப்படைக்கலாம். டி3500இல் ஏஇ-எல் ஏஎஃப்-எல் பொத்தானுக்கு ஏஎஃப்-ஆன் என்ற வேலையைக் கொடுக்கலாம். பழக இரண்டு வாரம் ஆகும், அதுவரை முக்கியமான நிகழ்ச்சி எதற்கும் இதை நம்பிப் போகாதீர்கள்.

மிரர்லெஸ் கேமராவில் கேள்வியே மாறுகிறது

டிஎஸ்எல்ஆரின் புள்ளிகள் சட்டகத்தின் நடுப்பகுதியில் குவிந்திருக்கும். 2017இல் வந்த நிக்கான் டி850இல்கூட 153 புள்ளிகள் இருந்தாலும் நாம் தேர்ந்தெடுக்கக்கூடியவை 55 மட்டுமே. மற்றவை கேமராவின் துணைக்கு. அடுத்த ஆண்டே வந்த சோனி ஏ7 மூன்றாம் பதிப்பில் 693 புள்ளிகள் சட்டகத்தின் 93 விழுக்காட்டுப் பரப்பை நிறைத்தன. எண்ணிக்கையைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று: படஉணரியே எப்போதும் காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் கேமரா இப்போது முகத்தையும் கண்ணையும், பல கேமராக்களில் விலங்கையும் பறவையையும் அடையாளம் காண்கிறது. மிக அருகில் இருப்பது எது என்ற பழைய ஊகத்துக்குப் பதிலாக, முகம் எங்கே என்ற கேள்வியிலிருந்து அது தொடங்குகிறது.

ஒருவரை மட்டும் எடுக்கும்போது கண் ஃபோகஸை இயக்கிவிட்டு, ஃபோகஸ் பகுதியாகச் சட்டகம் முழுவதையும் கொடுத்துவிடுவதே நல்லது. ஒற்றைப் புள்ளியைக் கொண்டு அதனுடன் போட்டியிடும் பிடிவாதம் என்னிடமும் சில மாதங்கள் இருந்தது, பிறகு விட்டுவிட்டேன். ஆனால் மண மேடையில் பத்து முகங்கள் இருக்கின்றன. கேமராவுக்கு முகம் தெரியும், உறவுமுறை தெரியாது. புரோகிதரின் முகம் அருகிலும் பெரிதாகவும் இருந்தால் அதையே பிடிக்கும். இங்கே சட்டகம் முழுவதையும் கொடுக்காமல் சிறிய ஜோனை மணமகளின் முகத்தருகே வைத்து, கண் அடையாளத்தையும் இயக்கத்திலேயே வைத்திருங்கள். எந்த முகம் என்பதை நீங்கள் சொல்கிறீர்கள்; அந்த முகத்தில் கண் எங்கே என்பதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். தொடரும் முறை உள்ள கேமராக்களில் தொடக்கப் புள்ளியை மட்டும் நாம் வைத்துவிட்டால், அதன் பிறகு அந்த முகம் சட்டகத்தில் எங்கே நகர்ந்தாலும் கேமரா பின்தொடரும்.

தலை குனிந்து மாலைக்குள் முகம் மறைவது, ஹோமப் புகை திரண்டு எழுவது, கையால் கண்ணைத் துடைப்பது போன்ற நேரங்களில் அடையாளம் நழுவும். அப்போது கேமரா அருகிலிருப்பதைத் தேடும் பழைய வழக்கத்துக்கோ பின்னாலுள்ள வேறொரு முகத்துக்கோ தாவிவிடலாம். இதற்காகவே ஒரு பொத்தானில் அடையாளம் காணாத வெறும் ஒற்றைப் புள்ளியைப் பதிந்துவைத்திருக்கிறேன். கேமராவை நெடுக்குவாட்டில் திருப்பும்போது புள்ளி தானாக உரிய இடத்துக்குப் போகும்படி இரு நிலைகளுக்கும் தனித்தனிப் புள்ளியை நினைவில் வைக்கும் அமைப்பும் பல கேமராக்களில் உண்டு; முகப்படம் எடுப்பவர்கள் அதை அவசியம் இயக்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்க

மேசையின் மீது மூன்று டம்ளர்களை ஓரடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக, ஆனால் ஒன்றையொன்று மறைக்காதபடி சாய்வாக வையுங்கள். லென்ஸின் மிகப் பெரிய திறப்பில் தானியங்கித் தேர்வில் பத்துப் படம் எடுத்து, எத்தனை முறை முதல் டம்ளர் தெளிவாக வந்தது என்று எண்ணுங்கள். பிறகு ஒற்றைப் புள்ளிக்கு மாறி, வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டாவது, மூன்றாவது, முதலாவது என்று வரிசை மாற்றி எடுங்கள். புள்ளியை நகர்த்த விரல் தடுமாறாத நிலை வரும் வரை இதைத் தினமும் ஐந்து நிமிடம் செய்தால் போதும். அடுத்து, முதல் டம்ளருக்கு முன்னால் ஒரு பூச்செடியின் கிளையை நீட்டி வைத்து மீண்டும் முயன்று பாருங்கள். வேடந்தாங்கலுக்கு அதைவிட நல்ல ஒத்திகை இல்லை.

எடுத்த படங்களைக் கேமராவின் திரையில் பார்க்கும்போது எந்தப் புள்ளி பயன்பட்டது என்பதைச் சிவப்புச் சதுரமாகக் காட்டும் வசதி கேனான், நிக்கான் கேமராக்கள் பலவற்றின் மெனுவில் இருக்கிறது; உங்கள் கேமராவில் இருந்தால் அதை இயக்கிக்கொள்ளுங்கள். சதுரம் தவறான இடத்தில் இருந்தால் தேர்வு தவறு. சதுரம் சரியான இடத்தில் இருந்தும் படம் மங்கலாக இருந்தால் கை அசைந்ததா, ஷட்டர் வேகம் குறைந்ததா, லென்ஸின் ஃபோகஸே முன்பின்னாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபோகஸைப் பூட்டிவிட்டுச் சட்டகத்தை நகர்த்தி எடுத்த படங்களில் மட்டும் இந்தச் சதுரத்தை நம்ப வேண்டாம். புள்ளி சட்டகத்தில் இருந்த இடத்தைத்தான் அது காட்டும். நீங்கள் ஃபோகஸ் செய்த கண் அதற்குள் வேறிடத்துக்குப் போயிருக்கும்.